அண்ணன் பார்த்து முடித்த வீடு

அந்த வெள்ளிக்கிழமை காலை எங்கள் கூடத்து ஸ்டூலின் மேல் ஒரு பித்தளைத் தாம்பாளம் இருந்தது. வெற்றிலை, கொட்டைப்பாக்கு, மஞ்சள், ஒரு சீப்பு பூவன் பழம், குடுமியோடு ஒரு தேங்காய். தேங்காய்க்கு அடியில் மஞ்சள் துணியில் முடிந்த பணம். அந்தப் பணத்தில் தவிட்டு வாசனை அடித்தது. மண்ணச்சநல்லூரில் அரிசி மில் வைத்திருந்த என் பெரியண்ணன் தொட்ட எதிலும் அந்த வாசனை ஒட்டிக்கொண்டுதான் வரும்.

அண்ணன் கூடத்துக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டிருந்தார். பத்தரைக்கு ராகுகாலம். அதற்குள் மெட்ராஸிலிருந்து வீட்டுக்காரர் வந்து தட்டை வாங்கியாக வேண்டும். அழைத்துவரத் தரகர் ஸ்டேஷனுக்குப் போயிருந்தார். ரயில் தாமதம். நாலைந்து நாளில் ஆடி பிறந்துவிடும். ஆடியில் வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்கிறவரும் இல்லை, வாங்குகிறவரும் இல்லை.

நான் அடுப்படியில் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அந்தப் பணம் என் அண்ணன் எனக்குக் கொடுத்த சீர். வாங்கப்போகும் வீடு எனக்கு. அதில் சமைத்து, பெருக்கி, பிள்ளைகளை வளர்த்துக் காலம் தள்ளப்போகிறவள் நான். எந்த வீடு என்பது மட்டும் என்னைத் தவிர எல்லோருமாகச் சேர்ந்து முடிவு செய்த விஷயம்.

எங்கள் ஒண்டுக்குடித்தனத்தைப் பற்றிப் போன வாரம் எழுதியதைப் படித்துவிட்டு, அங்கிருந்து எப்படித்தான் வெளியே வந்தீர்கள் என்று சிலர் கேட்டிருக்கிறார்கள். இப்படித்தான் வந்தோம். நல்லபடியாகத்தான் வந்தோம். இருந்தாலும் இன்றைக்கு அதை நினைத்தால்கூட எனக்கு எரிச்சல் மண்டைக்கு ஏறுகிறது.

மாடு வந்த கதை

அண்ணனைச் சொல்லாமல் பணத்தைச் சொல்ல முடியாது.

அப்பா இறந்தபோது நான் பாவாடை சட்டை போட்டுக்கொண்டிருந்த சிறுமி. அம்மா அதற்கு முன்பே போய்விட்டாள். அண்ணனுக்கு அப்போதுதான் கல்யாணம் ஆகியிருந்தது. என்னைப் படிக்க வைத்தது அவர். பெண்பிள்ளைக்கு டீச்சர் டிரெயினிங் எதற்கு என்று உறவுக்காரர்கள் கேட்டபோது, உங்கள் வீட்டு அரிசியிலா அவள் சாப்பிடுகிறாள் என்று கேட்டு வாயை அடைத்ததும் அவர்தான். இதையெல்லாம் நான் மறந்தவள் இல்லை.

கொடுப்பதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. ஆனால் என்ன வேண்டும் என்று கேட்கிற வழக்கம் மட்டும் அவரிடம் அறவே இல்லை.

டிரெயினிங் முடித்தபோது ஒரு கைக்கடிகாரம் வாங்கி வந்தார். ஆம்பளை வாட்ச். கையை உயர்த்தினால் முழங்கை வரை வழுக்கிக்கொண்டு போகும். சின்னதாக மாற்றித் தரச் சொன்னதற்கு, “இதுலதான் பாப்பா மணி நல்லாத் தெரியுது” என்றார். கடைசிவரை அவருக்கு நான் பாப்பாதான். என்னிடம் படித்த பெண்களின் பெண்கள் என்னிடம் படிக்க வந்த பிறகும் பாப்பாதான்.

மூத்தவள் பிறந்தபோது கன்றோடு ஒரு பசுமாட்டை அனுப்பினார். பிள்ளைக்குப் பால் வேண்டுமாம். நாங்கள் இருந்ததோ ஸ்ரீரங்கம் கீழ அடையவளஞ்சான் தெருவில் ஒரு வீட்டின் பின்கட்டில், ஒன்றரை அறையில். மாட்டை எங்கே கட்டுவது? தெரு மின்கம்பத்தில் கட்டினோம். அது முதல் நாளே கொடியில் உலர்ந்த வீட்டுக்காரரின் பட்டுக்கரை வேட்டியில் பாதியைத் தின்றுவிட்டது. வீட்டுக்காரர் ஒரு வாரம் எங்களுக்குக் குழாயைத் திறக்கவில்லை. பிறகு அண்ணனே வந்து மாட்டை ஓட்டிக்கொண்டு போனார். போகும்போது, எனக்கு மாடு வளர்க்கத் துப்பில்லை என்று என் கணவரிடம் வருத்தப்பட்டுவிட்டுப் போனார்.

என் கணவர் ஆமாம் என்று தலையாட்டினார். மின்சார ஆபீஸில் குமாஸ்தா. யாரையும் எதிர்த்து ஒரு வார்த்தை பேச மாட்டார். ஊரில் எல்லோரும் அவரைத் தங்கமான மனிதர் என்பார்கள். தங்கத்தோடு குடித்தனம் நடத்திப் பார்த்தால் தெரியும்.

சீர்

அப்படிப்பட்ட அண்ணன், ஒரு சித்திரை மாதத்து மத்தியானம் எங்கள் வீட்டுக்கு வந்தார். அடுப்படிப் புகை அறை முழுக்க நிறைந்திருந்தது. எங்கள் அடுப்படிக்கு ஜன்னல் கிடையாது. ஈர விறகு எரிந்தால் கூடத்தில் உட்கார்ந்திருப்பவர்கள்கூட அழ வேண்டியதுதான். அண்ணன் டிரங்குப் பெட்டியின் மேல் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“வாடகைக் குடித்தனம் போதும் பாப்பா. அட்வான்ஸுக்கு நான் தரேன். மிச்சத்துக்கு மாப்பிள்ளை ஆபீஸ்ல லோன் போட்டுக்கட்டும்.”

கடனாகவா என்று கேட்டேன்.

“தங்கச்சிக்கு எவனாவது கடன் கொடுப்பானா? அப்பா இருந்தா செஞ்சிருப்பாரு. சீர்னு நெனச்சுக்க.”

எனக்கு உண்மையாகவே அழுகை வந்துவிட்டது. புகையில் அது அவருக்குத் தெரிந்ததோ என்னவோ. நான் கண்ணைத் துடைத்து முடிப்பதற்குள் அவர் அடுத்ததைச் சொல்லிவிட்டார்.

“ஸ்ரீரங்கத்துலேயே கோயில் பக்கமா பாத்துடுவோம். வைகுண்ட ஏகாதசிக்கு நம்ம ஜனம் வந்தா தங்குறதுக்கு ஒரு இடம் வேணும்ல.”

ஏகாதசி விஷயத்தில் அவருக்கு ஓர் ஆறாத காயம் இருந்தது. சொர்க்கவாசல் சேவிக்க வருஷா வருஷம் ஊரிலிருந்து பெண்டு பிள்ளைகளோடு வண்டி கட்டிக்கொண்டு வருவார்கள். ஒரு வருஷம் எந்தச் சத்திரத்திலும் இடம் கிடைக்காமல், மார்கழிப் பனியில் எல்லோரும் காவேரி மணலில் படுத்துக் கிடந்தார்கள். மில் முதலாளி குடும்பம் மணலில் கிடந்ததை எதிர்க்கடை மண்டிக்காரர் பார்த்துவிட்டார். அன்றிலிருந்து ஸ்ரீரங்கத்தில் நமக்கென்று ஓர் இடம் வேண்டும் என்பது அண்ணன் மனதில் விழுந்துவிட்டது. அதற்கு வழியாக நான் வாய்த்தேன்.

அடுத்த வாரமே வீடு பார்த்துவிட்டார். சித்திரை வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தில். நீளமான வீடு, இரண்டு பக்கமும் பக்கத்து வீட்டுச் சுவர். ஐம்பது பேர் பாய் விரித்துப் படுக்கலாம். அடுப்படி வீட்டின் கடைசியில், மூன்றாம் கட்டில். நட்டநடு மத்தியானத்தில் தரகர் அங்கே தீக்குச்சி கிழித்துத்தான் எனக்கு அடுப்பு மேடையைக் காட்டினார்.

சொந்தக்காரர் மெட்ராஸில் இருந்தார். அண்ணன் அவரைப் பார்த்ததே இல்லை. பேச்செல்லாம் தரகர் மூலமாகத்தான். ரிட்டயர் ஆன பெரியவர், தீவிர பெருமாள் பக்தர், சொன்ன சொல் மாறாதவர் என்று மட்டும் தரகர் சொல்லியிருந்தார்.

ஜன்னல் வைத்த அடுப்படி

எனக்கு வேறொரு வீடு வேண்டியிருந்தது.

நான் வேலை பார்த்த பள்ளிக்கூடம் உறையூரில். தினமும் ஸ்ரீரங்கத்தில் பஸ் பிடித்து, பாலம் தாண்டி, மெயின்கார்டுகேட்டில் இறங்கி, அங்கே இன்னொரு பஸ்ஸுக்கு அடித்துப் பிடித்து ஏறிப் போக வேண்டும். வழியில் ஒரு பஸ் தவறினாலும் தலைமையாசிரியையின் முகத்தைப் பார்க்க முடியாது. சாயங்காலம் அதே பாடு திரும்பவும்.

பள்ளிக்கூடத்துக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு பெரியவர் தன் வீட்டை விற்பதாக இருந்தார். தபாலாபீஸில் போஸ்ட்மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் பேத்தி என்னிடம் படித்தவள். மனைவி இறந்த பிறகு சேலத்தில் மகளோடு போய் இருக்க முடிவு செய்திருந்தார். ஓட்டு வீடு. இரண்டே அறை. பின்னால் நல்ல தண்ணீர்க் கிணறு, ஒரு துவைக்கிற கல், ஒரு நார்த்தை மரம். பக்கத்து வீடுகளில் நாள் முழுக்கத் தறி ஓடும்.

அடுப்படியில் ஜன்னல் இருந்தது. பெரிய ஜன்னல். நான் முதலில் பார்க்கப் போன அன்று, அடுப்பு மேடையின் மேல் வெயில் சதுரமாக விழுந்து கிடந்தது. கம்பி வழியாகப் பார்த்தால் தூரத்தில் மலைக்கோட்டை. அந்த இடத்தில் நின்றபடியே நான் மனதுக்குள் உப்புச் சாடியை எங்கே வைப்பது என்று முடிவு செய்துவிட்டேன். எனக்கு வாழ்க்கையில் வேண்டும் என்று தோன்றியது அதிகம் இல்லை. அந்த ஜன்னல் வேண்டும் என்று தோன்றியது.

விலையும் சந்து வீட்டைவிடக் குறைவு. அண்ணன் தரும் பணம் அட்வான்ஸுக்குத் தாராளமாகப் போதும்.

அண்ணனிடம் சொன்னேனா என்று கேட்பீர்கள். சொன்னேன். மில்லுக்கே போய்ச் சொன்னேன். இயந்திரம் ஓடுகிற சத்தத்தில் அவர் தலையை ஆட்டிவிட்டு, நொய் இரண்டு படி கட்டித் தரச் சொன்னார். அண்ணி மூலம் சொல்லிப் பார்த்தேன். “அவருக்குக் காது கேக்கும், நாம சொல்றதுதான் கேக்காது” என்று அண்ணி சிரித்தாள். கடைசியில் அவரையே உறையூருக்கு அழைத்துப் போய்க் காட்டினேன். அன்று பெரியவர் சேலம் போயிருந்தார். பக்கத்து வீட்டில் சாவி வாங்கித் திறந்து காட்டினேன். கிணற்றில் எட்டிப் பார்த்தார். தண்ணீரைக் குடித்துப் பார்த்து, தித்திப்பாக இருக்கிறது என்றார். எனக்கு உயிர் வந்தது. திரும்பும்போது பஸ்ஸில் உட்கார்ந்து, “நல்ல வீடுதான். ஆனா ஏகாதசிக்கு இங்கேருந்து எப்படிப் பாப்பா போறது?” என்றார்.

என் கணவரிடம் சொல்லி அழுதேன். அவர் நிதானமாக, “கொடுக்கிறவர் அவர். அவர் சொல்ற இடத்துல இருந்துட்டுப் போறோம்” என்றார். அன்று ராத்திரி அவருக்கு ரசம் கிடையாது.

உறையூர்ப் பெரியவரிடம் மட்டும் எனக்கு இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. ஆனி முடிவதற்குள் சொல்கிறேன், சொல்கிறேன் என்று இழுத்துக்கொண்டே போனேன்.

நெற்றியில் நாமம்

இப்போது அந்த வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன்.

தரகரையும் காணோம், மெட்ராஸ்காரரையும் காணோம். அண்ணன் பொறுமை இழந்து தெருமுனை வரை பார்த்து வரப் போனார். அவர் தலை மறைந்ததும் வாசலில் யாரோ செருமினார்கள். போய்ப் பார்த்தால் உறையூர்ப் பெரியவர்.

வெள்ளிக்கிழமை தாயார் சேவைக்கு வந்தாராம். நெற்றியில் பளிச்சென்று நாமம், கையில் துளசி, சலவை வேட்டி. வீட்டை வேறொருவர் கேட்டு முன்பணத்தோடு நிற்கிறார் என்றும், என் வார்த்தையைக் கேட்டுவிட்டு அவருக்குப் பதில் சொல்லலாம் என்று வந்ததாகவும் சொன்னார்.  இத்தனை நாள் இழுத்தடித்தவளிடம் நேரில் வந்து கேட்கிற மனிதரிடம் வாசலில் நிறுத்தி இல்லை என்று சொல்வதா? உட்காருங்கள், காபி கொண்டு வருகிறேன் என்று நாற்காலியைப் போட்டுவிட்டு உள்ளே போனேன். காபி கலக்கிற நேரத்துக்குள் சொல்ல வேண்டியதை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். கணவர் கூடத்தில்தான் இருந்தார், சுவரில் மாட்டிய காலண்டரைப் படித்துக்கொண்டு.

அண்ணன் திரும்பி வந்தார். கூடத்தில் ஒரு பெரியவர். நாமம், துளசி, கண்ணில் சாந்தம். சுவர்க் கடிகாரத்தில் பத்தரைக்குச் சில நிமிஷம். அண்ணன் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. கேட்கிற வழக்கம்தான் அவருக்குக் கிடையாதே.

“வந்துட்டீங்களா! நல்லவேளை” என்று கும்பிட்டார். பெரியவரும் பதிலுக்குக் கும்பிட்டார்.

“பாப்பா, வா. மாப்பிள்ளை, வாங்க. நேரமாச்சு, ரெண்டு பேரும் சேந்து தட்டைப் பிடிங்க.”

நான் காபி டம்ளரோடு அடுப்படி வாசலில் நின்றேன். என்ன நடக்கிறது என்று எனக்கு ஒரு நொடியில் விளங்கிவிட்டது. என் கணவருக்கும் விளங்கிவிட்டது. அவர் வாயைத் திறந்தார். வாழ்நாளில் முதல் தடவையாக ஒரு விஷயத்தைத் திருத்தப் போகிறார் என்பது தெரிந்தது. நான் அவரை ஒரு பார்வை பார்த்தேன். வாயை மூடிக்கொண்டார்.

காபியைக் கீழே வைத்துவிட்டு, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, தட்டின் ஒரு பக்கத்தைப் பிடித்தேன். அவர் மறுபக்கத்தைப் பிடித்தார். தட்டு அவர் பக்கம் சரிந்து, பாக்கு உருண்டது. பெரியவர் எழுந்து நின்று இரண்டு கையாலும் தட்டை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

“இப்பத்தான் எனக்கு நிம்மதி. டீச்சரம்மா கைக்குத்தான் போகணும்னு நெனச்சேன். போயிருச்சு” என்றார். அவர் கண் கலங்கியிருந்தது.

தறிச் சத்தம்

அண்ணனுக்குப் பெருமை பிடிபடவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுப் பேச உட்கார்ந்தார். சாவி எப்போது கிடைக்கும் என்று கேட்டார். ஆவணியில் என்றார் பெரியவர். கிணற்றுக் கயிறு புதிது, அதை அப்படியே விட்டுவிட்டுப் போவதாகச் சொன்னார். கிணற்றைத் தரகர் காட்டவே இல்லையே என்று அண்ணன் சந்தோஷப்பட்டார். நார்த்தங்காய் நிறையக் காய்க்கும், ஊறுகாய் போடலாம் என்றார் பெரியவர். அண்ணன் புருவம் லேசாக நெரிந்தது.

“தறிச் சத்தம் மொதல்ல கொஞ்ச நாள் தொந்தரவா இருக்கும். பழகிட்டா அது இல்லாமத் தூக்கம் வராது” என்றார் பெரியவர்.

ஸ்ரீரங்கத்துச் சந்தில் தறி எங்கே வந்தது? அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். அதே நேரத்தில் வாசலில் குதிரை வண்டி வந்து நின்றது. தரகர் குதித்து இறங்கினார். பின்னால் வியர்த்து விறுவிறுத்து ஒருவர், மெட்ராஸிலிருந்து. அவர் நெற்றியிலும் நாமம்.

அதற்குப் பிறகு நடந்த கூச்சலை வர்ணிக்க மாட்டேன். தரகர்தான் அதிகம் கத்தினார். இன்னும் ராகுகாலம் வரவில்லை, தட்டை இவரிடமிருந்து வாங்கி அவரிடம் கொடுத்தால் போதும் என்றார். தட்டு மாற்றிய பிறகு திருப்பி வாங்குவது எங்கள் பக்கத்தில் நிச்சயம் செய்த கல்யாணத்தை நிறுத்துவதற்குச் சமம். அண்ணன் அப்படி ஒரு காரியத்தைத் தன் வாழ்நாளில் செய்ததில்லை. ஆனால் ஏகாதசி இருந்தது. காவேரி மணல் இருந்தது. ஊர் முழுக்கச் சொல்லிவிட்டு வந்திருக்கிறார்.

போஸ்ட்மாஸ்டர் பெரியவருக்கு விஷயம் புரிந்தது. முகம் சுண்டிப்போயிற்று. தட்டை அண்ணன் பக்கம் நீட்டினார்.

“தெரியாம நடந்ததுங்க. எடுத்துக்குங்க. எனக்கு ஒண்ணும் மனசுல இல்ல.”

கூடத்தில் சத்தம் அடங்கியது. என் ஜன்னல் அந்தத் தட்டில் இருந்தது. அண்ணன் கையை நீட்டினால் போய்விடும். அவர் தட்டைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“பாப்பா, உனக்கு எந்த வீடு வேணும்?”

எனக்கு நினைவு தெரிந்து, எது வேண்டும் என்று அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி அது. வாட்ச் வாங்கும்போது கேட்டதில்லை. மாடு அனுப்பும்போது கேட்டதில்லை. கல்யாணத்துக்கு மாப்பிள்ளை பார்த்தபோதுகூடக் கேட்டதில்லை. 

“உறையூர் வீடுதான்ணே.”

 அண்ணன் பெரியவர் கையிலிருந்த தட்டை அவர் பக்கமாகவே தள்ளினார். என் பக்கம் திரும்பி, நிஜமாகவே மனது நொந்துபோய், “இதை முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? நான் என்ன வேணாம்னா சொல்லப்போறேன்?” என்றார்.

அந்த நிமிஷத்தில் அவரைக் கட்டிக்கொண்டு அழுவதா, தேங்காயை எடுத்து அவர் தலையில் உடைப்பதா என்று எனக்குத் தெரியவில்லை. இன்றைக்கும் தெரியவில்லை.

மெட்ராஸ்காரருக்கு விருந்து போட்டு, போக வர ரயில் செலவும் கொடுத்துச் சமாதானம் செய்து அனுப்பினார். தரகர் எங்கள் தெருப்பக்கமே அதன் பிறகு வரவில்லை.

உறையூரிலிருந்து சொர்க்கவாசலுக்கு

ஆவணியில் பத்திரம் பதிந்து குடி போனோம். உப்புச் சாடி நான் நினைத்த இடத்தில் உட்கார்ந்தது. மார்கழியில் மில் லாரி ஒன்று எங்கள் தெருவில் வந்து நின்றது. அண்ணன், அண்ணி, அவர்கள் பிள்ளைகள், மில் கணக்குப்பிள்ளை குடும்பம், யாரென்றே எனக்குத் தெரியாத இன்னும் சிலர். இரண்டு அறை வீட்டில் காலை வைக்க இடமில்லை. தறிக்காரர்கள் தங்கள் வீட்டுக் கூடத்தைக் காலி செய்து கொடுத்தார்கள். விடிவதற்கு வெகு நேரம் முன்பே எழுந்து, குளிரில் பல் கிடுகிடுக்க எல்லோரும் லாரியில் ஏறி ஸ்ரீரங்கம் போனோம். வழி முழுக்க அண்ணன், சந்து வீட்டை வாங்கியிருந்தால் இப்படி அலைய வேண்டியிருக்காது என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

வருஷா வருஷம் வந்தார். வருஷா வருஷம் சொன்னார். ஆனால் என் கூடத்தில் உட்கார்ந்து கிணற்றுத் தண்ணீரைக் குடிக்கும்போது, உடன் வந்தவர்களிடம் சொன்னது வேறு. “எப்படி வீடு பாத்தீங்களா? நானே பாத்து முடிச்சது. அடுப்படியில ஜன்னல் இருக்கணும்னு கண்டிப்பாச் சொல்லிட்டேன்.”

அடுப்படியில் அது என் காதில் விழும். ஒவ்வொரு தடவையும் கரண்டியை நங்கென்று பாத்திரத்தில் போடுவேன். அவர் அதற்கும் திரும்பிப் பார்த்ததில்லை.

அண்ணன் இப்போது இல்லை. ஏகாதசிக்கு லாரி வருவதில்லை. முதல் வருஷம் அந்த அமைதி எனக்குத் தாங்கவில்லை. கரண்டியை நங்கென்று போடக்கூட ஆளில்லாமல் போய்விட்டது.

வீட்டுக்குப் புதிதாக வருகிறவர்கள் அடுப்படி வரை வந்துவிட்டு, இவ்வளவு வெளிச்சமாக இருக்கிறதே, யார் பார்த்த வீடு என்று கேட்பதுண்டு. எங்கள் பெரியண்ணன் பார்த்து முடித்த வீடு என்று சொல்வேன்.

கூடத்தில் உட்கார்ந்திருக்கும் என் கணவர் அப்போது தலையைத் தூக்கி என்னைப் பார்ப்பார். வாயைத் திறக்க மாட்டார். அன்றைக்குத் தட்டைப் பிடிக்கும் முன் திறந்த வாயையே மூடிக்கொண்டவர்தானே.